விரிப்பின் நான்கு மூலைகள்

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் ஜெபித்தார்கள், ஐந்து பேரும் காப்பி குடித்தார்கள். ஒருவரும் இவரைப் புரட்டிப் படுக்க வைக்கவில்லை.

வந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் சபையில் ஆயுசெல்லாம் போதகராக இருந்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு குளியலறையில் விழுந்து, வலது பக்கம் முழுக்க விளங்காமல் கிடக்கிறார் என்றால் பார்க்க வரத்தான் செய்வார்கள். தலைமாட்டில் நின்று கண்ணை மூட அவர்களுக்குத் தெரிகிறது. கண்ணைத் திறந்த பிறகு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், நான் அடுப்படிக்குப் போகிறேன்.

இவருக்குப் பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது: வேண்டாம். கஞ்சிக்கும் வேண்டாம், தண்ணீருக்கும் வேண்டாம், வேண்டும் என்பதற்கும் வேண்டாம்தான். இப்படி ஒற்றை வார்த்தை தங்கிவிடுவது உண்டு என்றார் டாக்டர். கமிட்டிக் கூட்டங்களில் இவர் அதிகம் சொன்ன வார்த்தை அது, அதனால் நன்றாக வேர் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் மகன் ரூபன் பெங்களூரிலிருந்து பேசினான். கோயம்புத்தூர் பக்கம் ஒரு காப்பகம் பார்த்திருக்கிறானாம். ஈஸ்டர் முடிந்ததும் அப்பாவை அங்கே விட்டுவிட்டு என்னைத் தன்னோடு கூட்டிப் போகிறானாம். அங்கே பெண்டாட்டி கூடத் தங்க முடியாது, நோயாளி மட்டும்தான். படுக்கைப் புண்ணோடு அப்பாவை வீட்டில் போட்டு வைத்திருப்பது பாவம் என்றான். புண்ணும் ஆறி, புரட்ட ஆளும் கிடைத்தால் அப்புறம் பார்க்கலாம் என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 18, புதன்

காலையில் விரிப்பு மாற்றும்போது இவர் கட்டிலின் ஓரத்துக்குச் சரிந்துவிட்டார். நான் முட்டுக் கொடுத்துக்கொண்டு சத்தம் போட்டேன். என்ன சொல்லிச் சத்தம் போட்டேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டு இன்னாசி சுவர் ஏறிக் குதித்து வந்தார்.

இன்னாசியும் பிலோமியும் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு அவருக்கு. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் புராட்டஸ்டண்ட் சபை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கறிவேப்பிலை வரும், இந்தப் பக்கமிருந்து முருங்கைக்காய் போகும். மாதா திருவிழாச் சாப்பாடு மட்டும் தூக்குவாளியோடு திரும்பிப் போய்விடும். இவர் வாசலில் நின்றே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

இன்று சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். இன்னாசி காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு இருந்தார். இவர் அந்த நெற்றியைப் பார்த்தார். "வேண்டாம்," என்றார்.

"சரி ஐயரே, வேண்டாம்னா வேண்டாம். இப்ப நான் காலைப் பிடிக்கேன், ஐயரம்மா தலையைப் பிடிக்கட்டும்," என்றார் இன்னாசி.

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்பார்கள். அதனால் நான் ஐயரம்மா. சைவச் சாப்பாடு கேட்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய வெளியூர்க்காரர் ஒருவர் கருவாட்டு வாசம் பிடித்துவிட்டு ஓடியிருக்கிறார்.

பிப்ரவரி 20, வெள்ளி

கஞ்சி. துணி. கஞ்சி. துணி.

பிப்ரவரி 22, ஞாயிறு

கட்டுப் போட வரும் நர்ஸ் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். இவரை ஆளாகத் தூக்கினால் தூக்குகிறவர் இடுப்பு போய்விடும். கீழே கெட்டி விரிப்பு ஒன்றைப் போட்டு, நான்கு மூலையிலும் நான்கு பேர் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும். காலையும் மாலையும் அப்படிச் செய்தால் புண்ணுக்குக் காற்றுப்படும், நடுவில் தலையணை வைத்துச் சாய்த்தால் போதும்.

நான்கு பேருக்கு எங்கே போவது? இன்னாசி வருகிறேன் என்றார். சபைக் கமிட்டியிலிருந்து தர்மராஜ் வந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், காலை நடைக்குப் போகும் வழியில் வந்து போகிறேன் என்றார். மூன்றாவது நான். நான்காவது மூலை கட்டில் காலில் கட்டப்பட்டது. இவர் நன்றாக உருண்டார்.

பிப்ரவரி 25, புதன்

நான்காவது ஆள் தானாக வந்தான்.

தண்ணீர் லாரி ஓட்டும் ஏசுவடியான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் மோதிரம்கூடக் கிடையாது. உப்பளத்துப் பக்கம் இருக்கிற பெந்தெகொஸ்தே சபை. சின்னப் பிள்ளையாக எங்கள் கோயில் வளாகத்தில் கோலி விளையாடியவன். அவன் அப்பா வேதமுத்து, காலமெல்லாம் எங்கள் கோயில் மணியை அடித்து, கூட்டிப் பெருக்கியவர். வயதான காலத்தில் மகனோடு போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். செத்தபோது, மனைவி கல்லறைக்குப் பக்கத்தில் இடம் கேட்டார்கள். சபையை விட்டுப் போனவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்பது விதி. இவர்தான் வாசலில் நின்று சொன்னார். அன்று நல்ல மழை. உப்பளத்தைத் தாண்டி எங்கேயோ கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

அந்த ஏசுவடியான் இன்று கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். இவர் கண்ணைப் பெரிதாகத் திறந்து, வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று மூச்சு வாங்கும்வரை சொன்னார். தர்மராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கமிட்டியில் அவரும் இருந்தார்.

ஏசுவடியான் எல்லாம் முடியும்வரை பொறுத்திருந்தான். பிறகு என்னைப் பார்த்து, "எந்த மூலை, ஐயரம்மா?" என்றான்.

இடது கால் மூலை என்றேன்.

மார்ச் 1, ஞாயிறு

தூக்கிப் பழகிவிட்டோம். சிக்கல் எல்லாம் தூக்குவதற்கு முன்னால்தான்.

தர்மராஜ் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறார். ஏசுவடியான் கையை உயர்த்திச் சத்தமாக ஜெபிக்கிறான், நடுவில் எங்களுக்குப் புரியாத பாஷைக்குப் போய்விடுகிறான். இன்னாசி சிலுவை அடையாளம் போட்டுவிட்டு மற்றவர்கள் முடிக்கட்டும் என்று நிற்கிறார். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்குகிறார். காப்பி ஆறிப் போகிறது. கீழே கிடப்பவருக்கு முதுகு எரிகிறது.

பொதுவாக ஒன்று சொல்வோம் என்று தர்மராஜ் யோசனை சொன்னார். ஆண்டவர் கற்பித்த ஜெபம், அது எல்லோருக்கும் ஒன்றுதானே? முதல் வரியிலேயே இன்னாசி தந்தையே என்றார், மற்றவர்கள் பிதாவே என்றார்கள். அதையாவது ஒரு மாதிரி ஒப்பேற்றினோம். கத்தோலிக்கர்கள் அதைக் கொஞ்சம் முன்னாடியே ஆமென் போட்டு முடித்துவிடுவார்கள். இன்னாசி ஆமென் சொன்னார், முடிந்தது என்று நினைத்து மூலையைத் தூக்கிவிட்டார். மற்ற இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ராஜ்யம், வல்லமை, மகிமை என்று போய்க்கொண்டிருந்தார்கள். விரிப்பு ஒரு பக்கம் உயர, இவர் சுவரில் போய் இடித்துக்கொண்டார்.

நான் சட்டம் போட்டுவிட்டேன். என் வீட்டில், விரிப்பைப் பிடித்த பிறகு, ஒண்ணு ரெண்டு மூணு மட்டும்தான். ஜெபம் எல்லாம் காப்பிக்குப் பிறகு அவரவர் வீட்டில்.

மார்ச் 4, புதன்

பிலோமி தன் செபமாலையைத் தலைமாட்டில் மாட்டிவிட்டுப் போனாள். ஏசுவடியான் சபைக்கு அது ஆகாது, அவன் வருவதற்குள் எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நான் மணப்பாட்டில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். லூர்து என்று பெயர். ஆசிரியர் பயிற்சியில் இவரைப் பார்த்தேன், கல்யாணத்துக்காக ரூத் ஆனேன். அதெல்லாம் பழைய கதை. மாமியார் லூர்து என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை, நானும் சொல்லிக்கொண்டதில்லை.

செபமாலை ஒரு விதத்தில் உபயோகமாக இருக்கிறது. எத்தனை கரண்டி கஞ்சி உள்ளே போனது என்று மணி உருட்டி எண்ணிக்கொள்ளலாம்.

மார்ச் 6, வெள்ளி

கஞ்சி இல்லாத நேரத்திலும் மணி உருட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பிலோமி சொன்னாள். கை சும்மா இருந்தால் அப்படித்தான்.

முதுகுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லியிருக்கிறாள் நர்ஸ். புண்ணில் படாமல் சுற்றிலும் தேய்க்க வேண்டும். வீட்டில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. பிலோமி மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்தாள். ஏசுவடியான் தன் பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த ஒலிவ எண்ணெய் கொண்டுவந்தான். ஒன்று மூடி இல்லாத சின்னக் குப்பி, ஒன்று ஒழுகுகிற பிளாஸ்டிக் டப்பா. இரண்டிலும் எறும்பு. எனக்கு இருந்த அலுப்பில் இரண்டையும் பழைய நன்னாரி சர்பத் பாட்டிலில் ஊற்றி, தேங்காய் எண்ணெயால் நிரப்பி, குலுக்கி வைத்துவிட்டேன். எண்ணெய் எண்ணெயோடு சண்டை போடவில்லை.

மார்ச் 11, புதன்

புண்ணில் சிவப்புச் சதை ஏறுகிறது! நர்ஸ் டார்ச் அடித்துக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் இவரிடம் நான் பார்த்த எதுவும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை. சந்தோஷத்தில் நர்ஸுக்கு இரண்டு தோசை அதிகமாகச் சுட்டுப் போட்டேன்.

பிலோமி, மாதா கைவிடவில்லை என்றாள். ஏசுவடியான், அபிஷேகம் வேலை செய்கிறது என்றான். தர்மராஜ், மாத்திரை மாற்றியதும் காரணமாக இருக்கலாம் என்றார். அப்புறம் மூன்று பேரும் என்னிடம் திரும்பி, எந்த எண்ணெய் தேய்த்தீர்கள் என்று கேட்டார்கள். அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச் 16, திங்கள்

நேற்று ஏசுவடியான் தன் சபையில் சாட்சி சொல்லியிருக்கிறான். பழைய சபை ஐயர் ஒருவருக்கு எங்கள் ஜெப எண்ணெயால் சுகம் என்று. அது எங்கள் கோயில் வாசலுக்கு வந்து, தர்மராஜ் காதுக்குப் போய்விட்டது. அதே நாளில் பிலோமி மாதாவுக்கு நன்றிக் காணிக்கை வைத்து, பூசையில் இவர் பெயரை வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். ஓய்வு பெற்ற எங்கள் ஐயர் பெயர், கத்தோலிக்கப் பூசையில். தர்மராஜ் முகம் சிவந்துபோய் வந்து நின்றார்.

கட்டிலைச் சுற்றி நின்று பேசினார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதனால் முடியவே இல்லை. இவர் நடுவில் ஈரத் துணியில் கிடந்தார். நான் விடியலுக்கு முன்னே எழுந்தவள். கால் கடுத்தது. சர்பத் பாட்டிலை எடுத்துவந்து கட்டிலின் மேல் வைத்தேன். எல்லாம் இதில்தான் இருக்கிறது, நான்தான் கலந்தேன், இப்போது துணியை மாற்றலாமா என்று கேட்டேன்.

எல்லோரும் குனிந்து பாட்டிலைப் பார்த்தார்கள். பிறகு ஏசுவடியான், "மந்திரிச்ச எண்ணெயையா எங்க எண்ணெயோட ஊத்துனிய?" என்றான். எங்கள் ஊரில் கத்தோலிக்கர்களுக்கு மந்திரித்தது என்றால் ஆசீர்வதித்தது. அவன் சபையில் அந்தச் சொல்லுக்குச் சூனியம் என்றுதான் அர்த்தம். பிலோமிக்கு வேறு வருத்தம். மாதா எண்ணெயைச் சர்பத் பாட்டிலிலா ஊற்றுவது என்று கண் கலங்கினாள். தர்மராஜுக்கு இரண்டு எண்ணெயும் இந்த வீட்டுக்குள் வந்ததே வருத்தம்.

இவர் ஒருவர்தான் வழக்கம்போல வேண்டாம் என்றார். யாரைச் சொன்னாரோ.

துணி மாற்றினோம். காப்பி யாரும் குடிக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

யாரும் வரவில்லை.

மார்ச் 18, புதன்

யாரும் வரவில்லை. இன்னாசி மட்டும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார், பிலோமி உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, புண்ணின் ஓரம் மறுபடி கறுக்கிறது என்றாள்.

ரூபன் பேசினான். காப்பகத்தில் இடம் உறுதியாகிவிட்டது. ஈஸ்டருக்கு மறுநாள் ஆம்புலன்ஸ். நான் சரி என்றேன். அந்தச் சரியைச் சொன்ன பிறகு ஃபோனை வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

தனியாகப் புரட்டப் பார்த்தேன். இவர் வழுக்கி, என்னையும் இழுத்துக்கொண்டு தரைக்கு வந்துவிட்டார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை, இவர் இடுப்பில் ஒரு கன்றல். ஆனால் எழுப்ப முடியவில்லை. இவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். கூப்பிட்டால் இன்னாசிக்குக் கேட்கும். கூப்பிட எனக்கு மனசில்லை. வெயில் ஜன்னல் வழியாக இறங்கி எங்கள் கால் வரைக்கும் வந்தது. கோயம்புத்தூரில் இவர் வேண்டாம் என்று சொன்னால், அது எந்த வேண்டாம் என்று அங்கே யாருக்குத் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தாகத்து வேண்டாம் ஒரு மாதிரி இருக்கும், வலி வேண்டாம் ஒரு மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும்.

கடைசியில் செம்பை எடுத்துச் சுவரில் தட்டினேன்.

இன்னாசி வந்து பார்த்தார். தனியாகத் தூக்க முடியாது என்று தெரிந்தது. ஒன்றும் பேசாமல் வெளியே போனார். அவர் எங்கே போனார் என்று பிலோமி பிறகுதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை, உப்பளத்துச் சபையில் உபவாச ஜெபம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே சத்தமாக ஜெபம் நடக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. இன்னாசி சுவரோரமாக நடந்து, முழங்காலில் இருந்த ஏசுவடியானின் தோளைத் தொட்டு, "ஐயர் தரையில கிடக்காவ, வா," என்றிருக்கிறார். வருகிற வழியில் தர்மராஜ் வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறார்.

மூன்று பேரும் வந்தார்கள். ஒண்ணு ரெண்டு மூணுகூட யாரும் சொல்லவில்லை. தூக்கிவிட்டோம்.

இடுப்புக் கன்றலைப் பார்த்த ஏசுவடியான், "அந்தப் பாட்டில் எங்க?" என்று கேட்டான். நான் தயங்கினேன். அவனே அலமாரியிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, கன்றலைச் சுற்றி மெதுவாகத் தேய்த்தான். இவர் அவன் கையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அசந்துபோயிருப்பார்.

நானும் அசந்துபோயிருந்தேன், அதனால் அழுதேன். பிலோமி என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் முகம் கழுவி விட்டாள்.

மார்ச் 21, சனி

காலையில் எல்லோரும் வந்தார்கள். பாட்டில் பற்றி யாரும் பேசவில்லை. பிலோமி அதன் கழுத்தைத் துடைத்து, பழைய பெயர்க் காகிதத்தைச் சுரண்டி எடுத்திருந்தாள்.

மார்ச் 29, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. ரூபன் காலை ரயிலில் வந்தான். விரிப்புப் பிடிக்கிற நேரம். மூன்று ஆண்களும் நானும் அப்பாவைத் தூக்குவதை வாசலில் பையோடு நின்று பார்த்தான். ஏசுவடியானை அடையாளம் தெரிந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தான்.

புண் முக்கால்வாசி மூடியிருக்கிறது. அதையும் காட்டினேன். நல்லதுதான் என்றான். ஆனால் அவன் மனசு மாறவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது, "இவங்க எத்தனை நாளைக்கு வருவாங்கம்மா? அன்னைக்கு ஒரு எண்ணெய்ப் பாட்டிலுக்காக விட்டுட்டுப் போனவங்கதானே?" என்று கேட்டான். பிலோமி அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், வெகுளி. அவன் கேட்டதில் தப்பில்லை. மீன் குழம்பு ஊற்றினேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பெரிய வியாழன். சபையின் இப்போதைய ஐயர் வீட்டுத் திருவிருந்து கொடுக்க மாலையில் வந்தார். சின்னப் பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணி விரித்து, அப்பமும் திராட்சை ரசமும் வைத்தார். விரிப்புப் பிடிக்க வந்திருந்த நேரம் என்பதால் மூன்று பேரும் இருந்தார்கள். தர்மராஜ் எங்களோடு நின்றார். இன்னாசியும் ஏசுவடியானும் தாங்களாகவே முன்வாசலுக்குப் போய்விட்டார்கள். வேறு சபைத் திருவிருந்தில் சேர அவருக்கு அவர் சபை விதி இடம் தராது, இவனுக்கு இவன் சபை விதி. யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை.

ஐயர் வாசித்து முடித்து, அப்பத்தை ரசத்தில் நனைத்து இவர் வாயருகே கொண்டுபோனார்.

"வேண்டாம்," என்றார் இவர்.

புதிய ஐயர் பதறிவிட்டார். ஊரெல்லாம் திருவிருந்து கொடுத்த வாய் அது. மறுபடி கொண்டுபோனார். இவர் முகத்தைத் திருப்பி, வாசல் பக்கம் பார்த்து, வேண்டாம், வேண்டாம் என்றார். அப்பாவுக்குப் புரியவில்லை போல என்று ரூபன் மெதுவாகச் சொன்னான்.

எனக்கு இவருடைய வேண்டாம் எல்லாம் தெரியும் என்று எழுதியிருந்தேன். இது நான் கேட்டிராதது. இவர் இடது கை விரிப்பின் ஓரத்தைத் தேடிப் பிடித்தது. பிடித்து, தூக்கிக் காட்டியது. கீழே வைக்கவில்லை.

நான் வாசலுக்குப் போய் அவர்கள் இருவரையும் கூப்பிட்டேன். விலகிக் கிடக்கிறார் போல, தூக்க வேண்டும் என்று நினைத்து அவர்கள் அவரவர் மூலைக்குப் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். தர்மராஜ் தன் மூலையைப் பிடித்தார். நான் என்னுடையதை. யாரும் தூக்கவில்லை, யாரும் எண்ணவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றோம்.

இவர் வாயைத் திறந்தார்.

இன்னாசியும் ஏசுவடியானும் அப்பம் எடுக்கவில்லை. ஐயரும் கொடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இவர் மென்று விழுங்கும்வரை விரிப்பை யாரும் விடவில்லை. ஏசுவடியான் கன்னம் நனைந்திருந்தது. இவர் கை அவன் மணிக்கட்டின் மேல் இருந்தது. எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

இவர் தலையணைக்கு அடியில் செபமாலை இருந்தது. பெரிய வெள்ளியின் மூன்று மணி ஆராதனையை டிவியில் பார்த்துக்கொண்டே நான் கட்டிலோரம் தூங்கிவிட்டபோது இடுப்பிலிருந்து விழுந்திருக்கும். அது தரையில் கிடக்காமல் தலையணைக்கு அடியில் போனது எப்படி என்று இவரைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். விடியற்கால ஆராதனை கல்லறைத் தோட்டத்தில். ரூபன் போய் வந்தான். ஏசுவடியானுடைய அம்மாவின் கல்லறைக்கு யாரோ புதிதாக வெள்ளையடித்திருப்பதாகச் சொன்னான். தர்மராஜிடம் கேட்டேன். சுண்ணாம்பு மிச்சம் இருந்தது என்றார்.

இவருடைய துணிகளைப் பெட்டியில் மடித்து வைத்தேன். வேட்டி, சட்டை, பழைய ஆராதனை அங்கி. அங்கி எதற்கம்மா என்றான் ரூபன். திரும்ப வெளியே எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

ஆம்புலன்ஸ் காலையிலேயே வந்துவிட்டது. டிரைவரும் ஒரு உதவியாளும். ஸ்ட்ரெச்சர் எங்கள் படுக்கையறை வாசலில் திரும்பவில்லை. கூடம் வரைக்கும் விரிப்பில் தூக்கித்தான் வர வேண்டும், நாலு பேர் பிடிக்கணும் என்றார் டிரைவர்.

நாலு பேரும் இருந்தோம். ரூபன், "அண்ணாச்சி, கொஞ்சம் பிடிங்க," என்றான்.

இன்னாசி தன் மூலைக்குப் போனார். குனிந்தார். நிமிர்ந்தார். விரிப்பைத் தொடவில்லை. "வேண்டாம் தம்பி," என்றார்.

ரூபன் தர்மராஜைப் பார்த்தான். தர்மராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எதிலும் நாலு வரி பேசாமல் இருக்க மாட்டார். துடைத்து மாட்டிக்கொண்டு, வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

ஏசுவடியான் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டான். "வேண்டாம்," என்றான்.

"எல்லாரும் நல்லவங்கதான், நான் இல்லைன்னு சொல்லல," என்றான் ரூபன். அவன் குரல் உடைந்தது. பிள்ளையும் எத்தனை நாள் தூங்கவில்லையோ. "ஆனா எத்தனை நாளைக்கு வருவீங்க? அதையாவது சொல்லுங்க."

"தெரியாது தம்பி," என்றான் ஏசுவடியான். "நாளைக்குக் காலைல வருவோம். அது தெரியும்."

ரூபன் என்னிடம் திரும்பினான். "அம்மா, நீங்க சொல்லுங்க."

இந்த வீட்டில் நான் எத்தனையோ சரி சொல்லியிருக்கிறேன். பெயருக்குச் சரி, சபைக்குச் சரி, திரும்பிப் போன தூக்குவாளிக்குச் சரி, போன மாதம் ஃபோனில் சொன்ன சரி. கட்டிலைப் பார்த்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருந்த ஒரே வார்த்தையையும் சொல்லாமல் எனக்காக விட்டுவைத்தது போல வாயை மூடிக்கொண்டு கிடந்தார்.

"வேண்டாம்," என்றேன்.

இவர் சிரித்தார். பாதி வாய்தான் அசைந்தது, ஆனால் சிரிப்புத்தான். பிலோமி அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். ரூபன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கொஞ்சம் கழித்து, இத்தனை பேர் சொல்லும்போது நான் என்ன செய்ய என்றான். அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன், புண் மறுபடி வந்தால் யார் பேச்சையும் கேட்க மாட்டேன் என்றும் சொன்னான். அது நியாயம்தான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். வெறும் வண்டியைத் திருப்ப ஏசுவடியான்தான் பின்னால் நின்று கை காட்டினான்.

பெட்டியைத் திறந்து வேட்டி சட்டையை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன். அடியில், இவரோடு போகட்டும் என்று நான் மடித்து வைத்த என் பழைய சேலை ஒன்று கிடந்தது, அதையும் எடுத்து உதறினேன். சர்பத் பாட்டில் பாதிதான் இருக்கிறது. நாளைக்கு இரண்டு பேரிடமும் எண்ணெய் கேட்க வேண்டும்.